நம் மருத்துவச் சீட்டு இனி எங்கே இருக்கும்?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களைப் புரட்டும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒரே நோயாளிக்கு ஒரே எக்கோ பரிசோதனை இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை. ஒரே ஸ்கேன் இரண்டு இடத்தில். நோய் மாறியதால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார் என்றால் அதில் கேள்வியில்லை. பல நேரம் காரணம் அதுவல்ல. முதல் ரிப்போர்ட் தொலைந்துவிட்டது, அல்லது மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது, அல்லது "கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆனால் இன்று சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டாவது பில்லும் நீங்கள் தந்த ஜகாத்திலிருந்தும் சதகாவிலிருந்தும்தான் போகிறது. ஆகவே மருத்துவக் குறிப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன, எப்படிக் காக்கப்படுகின்றன என்பது கணினிக்காரர்களின் விவகாரம் மட்டுமல்ல, நம் பைத்துல்மால் சம்பந்தப்பட்ட விவகாரமும்கூட.

வேப்பம்பட்டில் இருப்பவர்கள் வைத்தியத்துக்குப் போகும் வழியை யோசித்துப் பாருங்கள். மேற்கே ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் திருவள்ளூர். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. கிழக்கே போனால் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தனியார் மருத்துவமனைகள். பெரிய நோய் என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இதற்கு நடுவே தெருமுனை கிளினிக், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு லேப். சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ள ஒரு பெரியவர் ஒரு வருஷத்தில் நாலு இடம் பார்க்கிறார். நாலு இடத்திலும் நாலு ஓ.பி. எண். இந்த நாலையும் சேர்த்து வைத்திருப்பது அவர் கையில் தொங்கும் மஞ்சள் பை ஒன்றுதான்.

அந்தப் பை இப்போது மெல்ல கிளவுடுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அது என்ன மாற்றம், அதில் நமக்கு என்ன லாபம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

மேகம் அம்பத்தூரில் இருக்கிறது

கிளவுட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பெரிய பெரிய டேட்டா சென்டர்களைப் பார்க்கலாம். உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றைக் குளிர்விக்க இயந்திரங்கள், இரட்டை மின் இணைப்பு, ஜெனரேட்டர், காவல் எல்லாம் உண்டு. அந்தக் கணினிகளில் இடத்தை வாடகைக்கு எடுத்து, அதில் தன் பதிவேடுகளை வைத்து, இணையம் வழியாகத் திறந்து பார்ப்பதுதான் கிளவுட். அம்பத்தூர்தான் என்றில்லை, மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள மையமாகவும் இருக்கலாம்.

இதற்கு முன் எப்படி இருந்தது? கணினி வைத்திருந்த மருத்துவமனைகள் படிக்கட்டுக்குக் கீழேயோ ஸ்டோர் ரூம் பக்கத்திலேயோ ஒரு சிறு அறை ஒதுக்கி, அதில் சர்வர் என்ற பெட்டியை வைத்திருந்தன. ஒரு ஏசி, ஒரு யு.பி.எஸ்., பார்த்துக்கொள்ள ஒரு தம்பி. ஏசி பழுதானால் சர்வர் சூடாகி நின்றுவிடும். தம்பி லீவில் போனால் எழுப்ப ஆள் இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நம் பக்கத்தில் ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டன: தரைத்தளத்தில் வைத்த பொருள் தண்ணீருக்குச் சொந்தம். காகிதமானாலும் சரி, கணினியானாலும் சரி.

வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டு மின்வாரியத்தில் இணைப்பு வாங்குவது போலத்தான் இந்த மாற்றம். செலவு மாதவாடகையாக மாறும். கூட்டம் கூடும் நாளில் கூடுதல் கணினி பலத்தை எடுத்துக்கொண்டு, ஓய்ந்த நாளில் குறைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதி ஓர் ஊரிலும் இன்னொன்று வேறு ஊரிலும் இருக்கும்படி செய்யலாம். அரசுத் துறையில் தேசியத் தகவல் மையம் உருவாக்கிய இ-ஹாஸ்பிடல் என்ற மென்பொருள் இந்த வழியில்தான் பல அரசு மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு இது புதிதுமல்ல. கர்ப்பம் பதிவானதும் கிராம சுகாதார செவிலியர் தரும் பிக்மி எண் இல்லாமல் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும் என்பது நம் பெண்களுக்கு மனப்பாடம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் கணினிப் பதிவேடுதான்.

சொந்த சர்வர்தான் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 காலை கணினிகள் முடங்கின. வெளியிலிருந்து நுழைந்தவர்கள் பதிவுகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, உள் வலையமைப்பு சரியாகப் பிரித்து வைக்கப்படாததே வழி விட்டது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் இரண்டு வாரம் போல சீட்டு எழுதுவது முதல் லேப் முடிவு தருவது வரை கையால் நடந்தது. காப்பாற்றியது எது தெரியுமா? பாதிப்புக்கு எட்டாமல் தனியாக இருந்த ஒரு காப்புப் பிரதி சர்வர். அதிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் தரவை மீட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. நமக்கு அது சித்திரை மாதத்து சாதாரண நாள். அங்கே அதற்குத் தயாராக யாரும் கட்டடம் கட்டவில்லை. கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு டேட்டா சென்டர்களிலும் குளிர்விப்பு தோற்றது. ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்று வைத்திருந்த இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று.

ஆனால் கிளவுடுக்குப் போய்விட்டால் கவலையே இல்லை என்று விற்பனைக்காரர்கள் சொல்வதையும் நம்பிவிட வேண்டாம். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. பல நாடுகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. தரவு தூரத்தில் எங்கோ பத்திரமாக இருந்திருக்கலாம். டாக்டர் மேசையில் இருக்கும் கணினி எழுந்திருக்காவிட்டால் அது இருந்து என்ன பயன்?

கண்காணிப்பு என்ற பாதி வேலை

இங்கேதான் பலரும் தாண்டிப் போய்விடும் விஷயம் வருகிறது. பதிவேட்டை கிளவுடுக்கு மாற்றுவது பாதி வேலை. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது மறுபாதி. செயல்திறன் கண்காணிப்பு என்று இதற்குப் பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு நோயாளியின் எண்ணைத் தட்டினால் பழைய குறிப்பு எத்தனை விநாடியில் வருகிறது, எத்தனை தடவை வராமல் போகிறது, எந்த நேரத்தில் மந்தமாகிறது என்பதை இன்னொரு மென்பொருள் அளந்துகொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் போனுக்குத் தகவல் போகும்.

அளந்தால் போதும், சராசரி பார்த்தால் சரி என்று நினைப்பது பெரிய ஏமாற்று. ஒரு கணக்கு போடுவோம். காலை ஓ.பி.யில் 100 பேர். அவர்களில் 95 பேரின் குறிப்பு 2 விநாடியில் திறக்கிறது. மீதி 5 பேருக்கு 40 விநாடி ஆகிறது. சராசரி எடுத்தால் நாலு விநாடிகூட இல்லை; அறிக்கையில் பச்சை நிறம்தான் காட்டும். ஆனால் அந்த ஐந்து பேர் யார்? பெரும்பாலும் பத்து வருஷமாக வருகிறவர்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் குறிப்பு என்று கோப்பு கனமாக இருப்பதால்தான் திறக்கத் தாமதம். அதாவது பழைய குறிப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் அது வருவதில்லை. வாசலில் வரிசை நீளும்போது டாக்டர் எத்தனை விநாடி காத்திருப்பார்? "சரி, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, நீங்களே சொல்லுங்க" என்பார். பெரியவர் "வெள்ளை மாத்திரை ஒண்ணு, சின்னதா மஞ்சள் ஒண்ணு" என்பார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று போன தடவை எழுதிய வரி கணினிக்குள்ளேயே தூங்கும். ஆகவே நன்றாகக் கண்காணிப்பவர்கள் சராசரியை விட்டுவிட்டு, மிகவும் தாமதமான அந்த ஐந்து பேரின் நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

99.9 சதவீதம் இயங்கும் என்ற உத்தரவாதமும் அப்படித்தான். கேட்க நிறைவாக இருக்கும். வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் இயங்காமலிருக்க அதில் அனுமதி உண்டு. 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். அந்த எட்டே முக்கால் மணி நேரம் நள்ளிரவில் சிதறிக் கிடந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை மொத்தமாக வந்தால் ஆஸ்பத்திரி ஸ்தம்பிக்கும். ஒப்பந்தம் போடும்போது சதவீதத்தைப் பார்ப்பதைவிட, எந்த நேரத்தில் என்று கேட்பதுதான் புத்தி.

கண்காணிப்பில் இன்னொரு வகையும் உண்டு: யார் எந்தக் குறிப்பைத் திறந்தார்கள் என்ற பதிவு. வேகத்தைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு பெண்ணுக்கு எப்போதோ மனநல சிகிச்சை நடந்தது, அல்லது காசநோய் வந்து குணமானது. அது அவளுக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். அது கசிந்து வரன் பேசும் இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. ரிசப்ஷன் மேசையில் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டி, ஆறு பேர் அதையே போட்டுத் திறக்கும் இடத்தில் எந்தக் கிளவுடும் ரகசியத்தைக் காக்காது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, திறந்ததற்கெல்லாம் பதிவு, அந்தப் பதிவை மாதம் ஒருமுறையாவது ஒருவர் உட்கார்ந்து படிப்பது — இவை இருந்தால்தான் அது அமானிதம்.

அமானிதம் என்ற சொல்லை இங்கே சும்மா போடவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைக்கச் சொல்லும் சூரா பகராவின் 282வது வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். எழுதி வைக்கும் பழக்கம் நம் முன்னோரிடம் வைத்தியத்திலும் இருந்தது. இமாம்களுக்கு இருந்தது போலவே மருத்துவர்களுக்கும் மாணவர் வட்டம் இருந்த காலம் அது. அபூபக்கர் அர்ராஸி நோயாளிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய குறிப்புகளை அவர் மறைவுக்குப் பின் மாணவர்கள் தொகுத்ததுதான் 'அல்ஹாவி' என்ற பெருநூல். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இஸ்ஹாக் அர்ருஹாவி, மருத்துவர் ஒழுக்கம் பற்றி எழுதிய நூலில், ஒவ்வொரு தடவையும் நோயாளியின் நிலையையும் கொடுத்த மருந்தையும் எழுதி வைக்க வேண்டும் என்கிறார். நோயாளி இறந்துவிட்டால் அந்தக் குறிப்புகளை மற்ற மருத்துவர்கள் பரிசீலிப்பார்கள். எழுதுவதும் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பதும் சேர்ந்தே இருந்தன. 1284ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை நூற்றாண்டுக்கணக்கில் வக்ஃப் வருமானத்தில் நடந்தது. அறக்கட்டளையும் ஆஸ்பத்திரியும் நமக்குப் பழைய உறவு.

ஆகவே நம் சமுதாயத்தில் கிளினிக், மருத்துவமனை நடத்தும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளவுட் மென்பொருள் விற்க வருகிறவரிடம் விலைக்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். இணையம் அறுந்தால் அன்றைய ஓ.பி. எப்படி நடக்கும்? காப்புப் பிரதி எங்கே, அதிலிருந்து மீட்டெடுத்துக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? சோதிக்காத காப்புப் பிரதி, பூட்டைத் திறந்தே பார்க்காத சாவி மாதிரி. இரவு இரண்டு மணிக்கு நின்றால் யார் போன் அடிக்கும்? நாளை உங்களை விட்டு வேறொருவரிடம் போக நினைத்தால் எங்கள் நோயாளிகளின் குறிப்புகளை முழுசாக, படிக்கும்படி திருப்பித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடலாம்.

ஆபா எண்: பயமும் உண்மையும்

2021 செப்டம்பர் 27 முதல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுக்க நடக்கிறது. அதில் தரப்படும் 14 இலக்க எண்தான் ஆபா. அரசு மருத்துவமனை வாசலில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி தானே பதிவாகி டோக்கன் வருவது இதன் ஒரு பயன். விடியற்காலை வரிசையில் நிற்கும் வயதானவர்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

நம் மக்களிடையே இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. குடியுரிமைச் சட்டம் பற்றிய பதற்றம் நிலவிய 2019, 2020 நாட்களில் கணக்கெடுப்பு என்று வாசலில் நின்றவரிடம் பெயர் சொல்லவே பலர் பயந்தார்கள். அந்த நினைவு இன்னும் போகவில்லை. அதைக் கேலி செய்ய மாட்டேன். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதே என் வார்த்தை.

ஆபா விருப்பத்தின் பேரில்தான். அந்த எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. வேண்டாம் என்றால் பிறகு நீக்கவும் வழியுண்டு. எல்லாருடைய நோய்க் குறிப்பும் டெல்லியில் ஒரே பெட்டியில் குவிகிறது என்ற பேச்சு சரியல்ல. குறிப்பு அந்தந்த மருத்துவமனையின் பதிவேட்டிலேயே இருக்கும். அது சொந்த சர்வராகவும் இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம். ஆபா என்பது அவற்றை இணைக்கும் சாவிக்கொத்து. இன்னொரு மருத்துவமனை பார்க்க வேண்டுமென்றால் உங்கள் போனுக்குக் கோரிக்கை வரும். எந்தக் குறிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பார்த்து நீங்கள்தான் சம்மதம் தர வேண்டும். தந்ததைத் திரும்பப் பெறவும் முடியும். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம், திருத்தம், நீக்கம் ஆகியவற்றை உரிமையாகச் சொல்கிறது.

சட்டம் காகிதத்தில் இருப்பது வேறு, கவுண்டரில் நடப்பது வேறு என்பது எனக்கும் தெரியும். நடைமுறையில் ஆபத்து எங்கே வருகிறது என்றால், யாரோ ஒரு தம்பி "போனைக் கொடுங்க ஆண்ட்டி, நானே போட்டுத்தர்றேன்" என்று வாங்கி, வந்த கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று தட்டிவிடும் இடத்தில். சம்மதம் கொடுப்பது உங்கள் விரலாக இருக்கட்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

கிளவுட், ஆபா எதுவும் இல்லாமலேயே இன்று உங்கள் கையில் இருக்கும் ஓர் உரிமையைப் பலர் பயன்படுத்துவதில்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் மருத்துவர் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், லேப் முடிவுகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் படம் எல்லாவற்றுக்கும் பிரதி கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். மூன்று வருஷம் கழித்துப் போய் நின்றால் "இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு இடமுண்டு.

வீட்டிலும் ஒரு காகிதம் அவசியம். ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரே ஒரு பக்கம்: பெயர், வயது, ரத்த வகை, என்னென்ன நோய், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, செய்த அறுவை சிகிச்சை, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும். நிறத்தை எழுதாதீர்கள், மாத்திரை அட்டையில் உள்ள பெயரை எழுதுங்கள். இதைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒன்று அனுப்பி வையுங்கள். சிஸ்டம் நின்ற அன்று டாக்டருக்கு இந்த ஒரு பக்கம் பழைய கோப்பு முழுவதையும்விட உதவும்.

இன்ஷா அல்லாஹ், இந்த மாதம் முதல் ஞாயிறுகளில் லுஹர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் இந்த ஒரு பக்கத்தை எழுதித் தர நம் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள். பெண்களுக்குத் தனி மேசை உண்டு. டாக்டர் சீட்டையும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டு வாருங்கள். ஆபா எண் எடுக்க விரும்புகிறவர்களுக்குக் கூடவே இருந்து வழி காட்டுவார்கள், போன் உங்கள் கையிலேயே இருக்கும். ஆதார் நகல் எதுவும் தர வேண்டாம், அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டோம். போனுக்கு வரும் ஓ.டி.பி.யை எங்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்ல வேண்டாம். எழுதிய பக்கத்தின் பிரதி அலுவலகத்தில் இருக்காது. உங்களோடே வீட்டுக்கு வந்துவிடும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்